பழைய பிரிண்டர் அமைப்புகள்

டீக்கு நன்றி, மேடம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். ஆனாலும் சூடாக இருக்கிறது. பதினாறு வருடம் ஏசி அறையிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தவளுக்கு, கையில் பிடித்துக்கொள்ளச் சூடாக எது கிடைத்தாலும் சந்தோஷம்தான்.

நீங்கள் அதட்டாமல் கேட்கிறீர்கள். அதனால் நானும் எதையும் விடாமல் வரிசையாகச் சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவருக்குக் கணினி அவ்வளவு பழக்கமில்லை என்றீர்கள். அந்தப் பகுதியைக் கொஞ்சம் விளக்கியே சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் நான் ஏதோ பெரிய தந்திரக்காரி மாதிரி தெரியும். மொத்தத்தில் நான் தட்டியது ஏழெட்டு வரிகள்.

எங்கள் அலுவலகம் அடையாளம் தெரியாதவர்களின் பதிவுகளை வைத்திருக்கும் இடம். எந்த ஊர்ப் பிணவறைக்கு ஆள் தெரியாத உடல் வந்தாலும், உயரம், உத்தேச வயது, தழும்பு, உடுத்தியிருந்தது எல்லாவற்றையும் குறித்து, நான்கு படங்களோடு எங்களுக்கு அனுப்புவார்கள். காப்பகங்களில் இருக்கும், தன் பெயரே சொல்லத் தெரியாதவர்களின் விவரமும் வரும். ஆளுக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு ஃபைல். தேடி வருகிறவர்கள் கீழ்த்தளக் கவுண்ட்டரில் அங்க அடையாளம் சொன்னால், தேடும் புரோகிராம் 'நடப்பு' என்ற ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அந்த ஃபோல்டரில் இல்லாத எதுவும் அதன் கண்ணில் படாது. இந்த இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது நான். மூன்றாம் மாடி, சர்வர் அறையை ஒட்டி என் மேசை. ஜன்னல் கிடையாது.

ஐந்து வருடம் கடந்த பதிவுகளை 'நடப்பி'லிருந்து எடுத்துக் கட்டி வைத்துவிட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் தேடல் மூச்சு வாங்கும். யூனிக்ஸ் இயந்திரங்களில் அதற்கென்றே 'டார்' என்று ஒரு கட்டளை உண்டு. மவுஸ் வேண்டாம், படம் வேண்டாம். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் நூறு ஃபைலை ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். ஓர் எழுத்துப் போட்டால் கட்டும். இன்னோர் எழுத்துக்குப் பிரிக்கும். வேறொன்று போட்டால், பிரிக்காமலே உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் காட்டும். கட்டிய கையோடு வெளியே இருப்பதை அப்புறப்படுத்து என்றால் அதையும் செய்யும். பிறகு 'ஜிஸிப்' என்ற கட்டளை மூட்டையை அமுக்கிச் சிறிதாக்கும். பெட்டி கட்டத் தெரிந்த யாருக்கும் இது புரியும்.

டாரிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. ஃபைல் யாருடையது, கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்பதைக்கூட அப்படியே சேர்த்துக் கட்டும். பத்து வருடம் கழித்துப் பிரித்தாலும் அதே தேதி, அதே நிமிடம். உள்ளே இருப்பதற்கு வயதாவதில்லை. அதனால், நான் பதிவுகளை அழித்தேன் என்று உங்கள் தாளில் எழுதியிருந்தால் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். நான் எதையும் அழிக்கவில்லை. கட்டி வைத்தேன்.

அந்தப் பெரியவர் எனக்குப் பழக்கமானது ஒரு கோளாறால்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கவுண்ட்டரில் இணைப்பு அறுந்துவிட்டது. காத்திருந்தவர்கள் எல்லோரும் கலைந்து போனார்கள். அவர் மட்டும் மாடிப்படி ஏறி வந்து என் வாசலில் நின்றார். அறுபத்தெட்டு, எழுபது வயது இருக்கும். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார்.

"இங்கதான் மெஷின் இருக்குன்னாங்க. என்னம்மா, வண்டி ஸ்டார்ட் ஆகலையா?"

"பத்து நிமிஷம் ஆகும் சார். கீழ உக்காருங்க."

"முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவன் நான். பத்து நிமிஷம்னு சொன்னா எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியும். இங்கயே உக்காந்துக்கறேன்."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்த அறையில் நான் சிரித்தது எனக்கே விநோதமாகக் கேட்டது. வேலை முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒரே மகள். இருபத்தேழு வயது. வீட்டில் ஏதோ வாக்குவாதம். அவள் பையைத் தூக்கினாள். இவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமலே சொன்னார்.

"போறதுன்னா போன்னு சொன்னேம்மா. அவ போறவன்னு நெனைக்கல."

போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. இடது முழங்கையில் சின்ன வயதில் இஸ்திரிப் பெட்டி பட்ட தழும்பு. கடிகாரத்தை வலது கையில்தான் கட்டுவாள். நான் அப்போதே தேடிப் பார்த்தேன். இல்லை என்றேன். அவர் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, "அப்ப உசுரோட இருக்கா" என்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் பத்து மணிக்கு வந்துவிடுவார். கவுண்ட்டருக்குப் போவதை விட்டுவிட்டு நேராக மேலே. பியூன் வாசலில் நின்று, "மேடம், உங்க செவ்வாக்கிழமை வந்தாச்சு" என்பார். ஆடிக்கொண்டிருந்த என் மேசைக்காலுக்கு அட்டை மடித்து வைத்தது அவர்தான். நான் மதியம் சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததும், பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நகரமாட்டார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து விடுதி, அப்புறம் வாடகை அறை. சாப்பிட்டாயா என்று கேட்பதற்காக ஒருவர் மூன்று மாடி ஏறி வருவது எனக்குப் பழக்கமில்லாத விஷயம். சாரை விட்டு எப்போது அப்பாவுக்கு மாறினேன் என்று ஞாபகமில்லை. அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

ஒரு நாள் மஞ்சள் ஸ்வெட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். "பாப்பாவோடது. பீரோல சும்மா கெடக்கு. இந்த ரூம்ல ஐஸ் பெட்டி மாதிரி குளிருது, நீ போட்டுக்கோ." கழுத்துப் பட்டையில் நீளமாக ஒரு முடி ஒட்டியிருந்தது. நான் அதை எடுக்கவில்லை. இப்போது நான் போட்டிருப்பதும் அந்த ஸ்வெட்டர்தான், மேடம். நீங்கள் அடிக்கடி அதைப் பார்க்கிறீர்கள்.

நான்காம் மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பது இருபதுக்கு, அன்றைய பதிவுகள் வந்தன. ஏழு. நான் எல்லாவற்றையும் வாசிப்பதில்லை. எண் சரியாக இருக்கிறதா, படம் திறக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். ஐந்தாவதை வாசித்தேன். பெண், இருபத்தைந்திலிருந்து முப்பது. ஏரி. இடது முழங்கை, முக்கோண வடிவத் தீத்தழும்பு. வலது மணிக்கட்டில் கடிகாரம், நின்றுபோனது. படத்தை ஒரே ஒரு முறை திறந்தேன். அவருடைய மூக்கு.

அந்த வாரம்தான் அவருக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. ஒரு மாதத்துக்குக் கண்ணில் தண்ணீர் படக்கூடாது, அழவே கூடாது, தையல் பிரிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை என்னிடம் அவரே இரண்டு முறை சொல்லியிருந்தார். பத்து மணிக்கு அவர் வருவார். எனக்கு நாற்பது நிமிடம் இருந்தது. நான் யோசித்தது அந்தக் கண்ணைப் பற்றி மட்டும்தான்.

ஒரு வரி. அந்த ஃபைலை டார் கட்டியது. கட்டிய கையோடு 'நடப்பி'லிருந்து அப்புறப்படுத்தியது. இன்னொரு வரியில் ஜிஸிப். மூட்டைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமே. 'பழைய பிரிண்டர் அமைப்புகள்' என்று வைத்தேன். எந்த அலுவலகத்திலும் யாரும் திறந்து பார்க்காத பெயர் அது.

பத்து மணிக்குப் பச்சை மறைப்பு கட்டிக்கொண்டு வந்தார். அதைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னிக்குத்தாம்மா உன் மூஞ்சியத் தெளிவா பாக்கறேன். இத்தனை நாள் ஏதோ மங்கலா ஒரு பொண்ணு உக்காந்திருந்துது."

"எப்படி இருக்கேன்ப்பா?"

"எளைச்சிருக்க." அப்புறம் கேட்டார், "இருக்கா?"

"இல்லப்பா."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்க்கப் போய், கண் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்துச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் உரிமை கோரி யாரும் வராத உடலை முப்பது நாளில் அடக்கம் செய்துவிடுவார்கள். விதி எனக்குத் தெரியும். கண் ஆறி அவர் மறைப்பைக் கழற்றிய வாரம் அவள் மண்ணுக்குள் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. இனி சொன்னால், முகத்தைக்கூடப் பார்க்கவிடவில்லையே என்பார். சொல்லாமல் இருப்பதே அவருக்கு நல்லது என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

அவளைப் புதைத்த இடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஊருக்கு வெளியே, கம்பி வேலி போட்ட மைதானம். இடுப்புயர இரும்புக் கம்பிகளில் தகரத் துண்டு, அதில் எண். அவளுடைய எண்ணைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. காற்றில் தகரங்கள் எல்லாம் ஒன்றாக அடித்துக்கொண்டன. ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். போட்டுக்கொண்டு அங்கே நிற்பது சரியாக இல்லை.

அதற்கப்புறம் தினமும் காலையில் வந்ததும் என் முதல் வேலை அந்த மூட்டையின் பட்டியலைப் பார்ப்பது. பிரிப்பதில்லை. பட்டியல் மட்டும். ஒரே ஒரு வரி வரும்: எண், தேதி, ஒன்பது இருபது. இருக்கிறாள் என்று தெரிந்தால்தான் எனக்கு மற்ற வேலை ஓடும். சில நாள் பட்டியல் வர ஒரு நொடி தாமதமாகும். அந்த ஒரு நொடி சர்வர் அறையின் இரைச்சல் மொத்தமும் நின்றுவிட்டது போலிருக்கும். யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதுபோல. அப்புறம் வரி வரும். இரைச்சலும் வரும்.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. இரண்டாம் வருடக் கடைசியில் அவர் இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாம் வாரம் வந்தார். உட்காரவில்லை.

"வீட்டுக்காரி சொல்றாம்மா, போதும் விட்டுடுங்கன்னு. முட்டி வலியில அவளால தனியா எழுந்து நடக்கக்கூட முடியல. நான் இங்க வந்து வந்து என்ன ஆச்சு? இனிமே அவளைப் பாத்துக்கறேன். உன்னைப் பாக்க எப்பவாச்சும் வருவேன்."

எப்பவாச்சும் என்றார்.

"அடுத்த வாரம் ஒரு தடவை மட்டும் வாங்கப்பா," என்றேன். "வெளியூர்ப் பதிவுங்க கொஞ்சம் வர வேண்டியிருக்கு."

பழைய மூட்டைகளில் ஒன்றைப் பிரித்தேன். எட்டு வருடத்துக்கு முந்தைய காப்பகப் பதிவுகள். பன்னிரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் ஓர் ஊர். அங்கே பெயர் சொல்லாத ஒரு பெண், பக்கவாட்டில் எடுத்த படம், கன்னத்தை முடி மறைத்திருந்தது. டார் நேர்மையானது, பழைய தேதியோடுதான் வெளியே எடுத்துக் கொடுத்தது. தேதியை மாற்ற வேறு கட்டளை இருக்கிறது. ஒரு வரிதான்.

அடுத்த செவ்வாய் அவர் திரையருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார். அவருடைய மூச்சு கண்ணாடியில் படிந்தது.

"அவதான்," என்றார். "காது மடல பாரேன். அவதாம்மா." என் தலையில் கையை வைத்து, "பாப்பா, நீ நல்லா இருப்ப" என்றார். என்னை அவர் பாப்பா என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

அந்தக் காப்பகம் மூடி ஐந்து வருடம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும். திறந்திருந்தால் அவர் நேரில் பார்த்து, இவள் இல்லை என்று ஒரே நாளில் திரும்பியிருப்பார். மூடியிருந்ததால்தான் தேட இடம் இருந்தது. நான் யோசிக்காமல் செய்தவள் இல்லை, மேடம்.

நான்கு முறை போனார். ஒவ்வொரு முறையும் திரும்பியதும் செவ்வாய்க்கிழமை வந்து எல்லாவற்றையும் சொல்வார். வேறு கட்டிடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். அங்கே கேட்டால் இன்னோர் இடமாம். ஒரு டீக்கடைக்காரர் மஞ்சள் உடுப்புப் பெண் ஒருத்தியைப் பார்த்ததாகச் சொன்னாராம். இளைத்துப் போனார். ஆனால் கண்ணில் வெளிச்சம் இருந்தது. அவரை நான்தான் உயிரோடு வைத்திருந்தேன் என்று அப்போது நினைத்தேன். மூன்றாம் முறை கிளம்பும்போது சட்டையில் இரண்டாவது பொத்தான் அறுந்திருந்தது. என் பையிலிருந்த நீலப் பொத்தானைத் தைத்துக் கொடுத்தேன். மற்றதெல்லாம் வெள்ளை.

"தொலைதூர வண்டிக்கு எல்லா பார்ட்டும் ஒரே கம்பெனியா இருக்கணும்னு இல்ல," என்று அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

ஐந்தாம் முறை போனவர் அந்தச் செவ்வாய் வரவில்லை. வியாழக்கிழமை காலைப் பதிவுகளில் மூன்றாவது. ஆண், எழுபது இருக்கலாம். பேருந்து நிலைய பெஞ்சில் உட்கார்ந்தபடி. பை, செல்போன் எதுவும் இல்லை. யாரோ எடுத்துப் போயிருக்கலாம். வெள்ளை முழுக்கைச் சட்டை, ஒரு பொத்தான் மட்டும் நீலம்.

படத்தைத் திறக்கவில்லை. அவர் முகத்தை நான் அப்படிப் பார்க்க விரும்பவில்லை.

இந்த இடத்தில் கணினி விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். ஜிஸிப் அமுக்கிய மூட்டையில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. முதலில் விரிக்க வேண்டும். அப்புறம் டாரில் சேர்ப்பதற்கென்று ஓர் எழுத்து உண்டு, அதைப் போட்டுச் சேர்க்க வேண்டும். திரும்பவும் அமுக்க வேண்டும். மூன்று வரி. முடித்துவிட்டுப் பட்டியல் பார்த்தேன். இரண்டு வரி வந்தது, மேலே அவள், கீழே அவர். மூன்று வருடமாகத் தேடியவரை அவர் மகளிடம் சேர்த்துவிட்டேன் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. மதியம் சாப்பிட்டேன்.

அடுத்த செவ்வாய் பத்து மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கும் சத்தம்; முப்பத்தொரு வருடம் பிரேக் மிதித்த கால். நான் எழுந்து வாசலுக்குப் போனேன். படியில் யாரும் இல்லை. அடுத்த வாரமும் கேட்டது. பியூனிடம் கேட்டேன், அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனார். பட்டியலைக் காலையில் ஒரு தடவை பார்ப்பவள், நாளைக்கு இருபது தடவை பார்க்க ஆரம்பித்தேன்.

நான்காம் வாரம் சத்தம் மிக மெதுவாக, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தது. இந்த முறை நான் எழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண் குரல் மூச்சு வாங்கியது.

"அவர் அடிக்கடி சொல்லுவாரே, மேல மெஷின் ரூம்ல ஒரு பொண்ணு இருக்கான்னு. அது நீதானாம்மா?"

அவர் மனைவி. ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் புருஷனின் புகைப்படம். லிஃப்ட் வேலை செய்யாததால் மூன்று மாடியும் ஏறி வந்திருந்தார். போலீஸில் சொல்லியாயிற்றாம், பதிவு வந்தால் இங்கேதான் தெரியும் என்றார்களாம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். முப்பது நாள் கணக்குப்படி இன்னும் நான்கைந்து நாள் இருந்தது. அவரை இன்னும் அடக்கம் செய்திருக்கமாட்டார்கள். தேடுவதுபோல் தட்டிவிட்டு, இல்லைம்மா என்றேன்.

"அப்ப உசுரோட இருக்கார்," என்றார்.

அப்பா முதல் நாள் சொன்ன அதே தொனி. முப்பத்தைந்து வருடம் ஒன்றாக இருந்தவர்கள் அல்லவா.

மற்றது உங்களுக்குத் தெரியும். இயந்திரங்களை மாற்ற வந்த ஒப்பந்தப் பொறியாளர் கெட்டிக்காரப் பெண். பதிவு எண்கள் வரிசையாக வரும். இரண்டு இடத்தில் பல் விழுந்ததுபோல் ஓட்டை இருப்பதைப் பார்த்திருக்கிறாள். பிரிண்டர் அமைப்புகள் இவ்வளவு பெரிதாக இருக்காதே என்றும் யோசித்திருக்கிறாள். என்னைக் கேட்காமலே பிரித்துவிட்டாள். நான் அறைக்குள் வந்தபோது இரண்டு முகமும் பெரிதாகத் திரையில் இருந்தன. அவர் கண் பாதி திறந்திருந்தது. ஆபரேஷன் செய்த கண்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மகள் இறந்தது தெரிந்து மறைத்தேன். பொய்ப் பதிவு காட்டி அவரைப் பயணம் அனுப்பினேன். அதில்தான் அவர் இறந்தார். அவர் இறந்ததையும் மறைத்தேன். மூன்றையும் நான் ஒருத்தியே செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ போடுகிறேன்.

அந்த அம்மா ஏழு வாரமாகச் செவ்வாய்தோறும் வருகிறார். முதலில் அதிகம் பேசமாட்டார். போன வாரம்தான் என் தலையைப் பார்த்துவிட்டு, "எண்ணெய் வைக்கிறதில்லையா நீ?" என்று கேட்டார். அடுத்த தடவை சீப்பு கொண்டுவருகிறேன் என்றார்.

நாளைக் காலையிலேயே அவர் வீட்டுக்குப் போய்த் தகவல் சொல்லப் போவதாகச் சொன்னீர்கள். சொல்லத்தான் வேண்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, மேடம். பத்து மணிக்கு என்னை ஒரு மணி நேரம் என் மேசையில் உட்காரவிடுங்கள். நீங்களும் கூடவே இருங்கள். அந்த அம்மா வந்து போகட்டும். புதன்கிழமை சொன்னால் போதாதா?